ஓரத்தில் இருக்கும் பெயர்

(இந்திய ஓவியம் சுவரிலிருந்து திரைக்கு வந்த கதை குறித்த பொதுச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



1931ஆம் ஆண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கருவறையைச் சுற்றியுள்ள இருண்ட உட்சுற்றுக்குள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எஸ்.கே. கோவிந்தசாமி நுழைகிறார். சுவர்களில் நாயக்கர் காலத்து ஓவியங்கள். சில இடங்களில் அந்தப் பூச்சு பெயர்ந்திருந்தது. பெயர்ந்த இடத்தில் அடியில் வேறொரு வண்ணம், வேறொரு கோடு. பதினோராம் நூற்றாண்டின் சோழர் ஓவியங்கள் அங்கே மறைந்திருந்த செய்தி அப்போதுதான் வெளியுலகுக்குத் தெரிந்தது. கயிலைக்குப் புறப்படும் சுந்தரரும் சேரமான் பெருமாளும், தேர்மீது நின்று முப்புரம் எரிக்கும் சிவனும் மீண்டும் கண்ணில் பட்டார்கள்.

சில ஆண்டுகளில் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வேதியியலாளர் எஸ். பரமசிவன் அந்தச் சுவர்ப்பூச்சை ஆராய்ந்தார். சுண்ணாம்புப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே வண்ணம் தீட்டப்பட்டிருக்கிறது என்று அவர் நிறுவினார். இது எளிய செயல் இல்லை. பூச்சு காய்வதற்குள் கோடு, நிறம், நிழல் எல்லாம் முடிந்துவிட வேண்டும். தவறினால் அழித்துத் திருத்த வழியில்லை. பூச்சையே சுரண்டி எடுக்க வேண்டும். பிற்காலத்தில் இந்தியத் தொல்லியல் துறையினர் மேலிருந்த நாயக்கர் ஓவியத்தைச் சிதையாமல் உரித்தெடுத்து, கண்ணாடியிழைப் பலகையில் ஒட்டினார்கள். அடியில் இருந்ததும் பிழைத்தது, மேலே இருந்ததும் பிழைத்தது. 

அதே கோயிலின் கல்வெட்டு நானூறு தளிச்சேரிப் பெண்டுகளின், அதாவது கோயில் ஆடல் மகளிரின், பெயர்களை, யார் எந்த ஊர்த் தளியிலிருந்து வந்தார், எந்தத் தெருவில் எந்த வீடு என்பதுவரை குறித்து வைத்திருக்கிறது. பெருந்தச்சனின் பெயரும் கல்லில் இருக்கிறது. ஆனால் அந்த உட்சுற்றில் ஈரச் சுண்ணாம்போடு போட்டி போட்ட ஓவியர்கள் யார்? அவர்களின் பெயர் நமக்கு வந்து சேரவில்லை. சித்தன்னவாசலிலும் இதே நிலைதான். குகைக் கோயிலைப் புதுப்பித்த மதுரை ஆசிரியன் இளங்கௌதமனைக் கல்வெட்டு சொல்கிறது. தாமரைக் குளத்தில் பூப்பறிக்கும் அந்த இளைஞனின் விரல்களை வரைந்த கையை அது சொல்லவில்லை.

இந்திய ஓவிய வரலாற்றைப் பாணிகளின் வரிசையாகச் சொல்வது வழக்கம். அஜந்தா, முகலாயம், தஞ்சாவூர், வங்காளம், நவீனம், டிஜிட்டல் என்று அத்தியாயம் அத்தியாயமாகப் பாடநூல்கள் பிரிக்கும். இந்தச் சொற்பொழிவு வேறு இழையைப் பிடித்துச் செல்கிறது. ஒவ்வொரு முறை கருவி மாறியபோதும் படம் யார் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது, வரைந்தவரின் பெயர் அதோடு சேர்ந்து போனதா என்பவையே இங்கு கேள்விகள். செயற்கை நுண்ணறிவு ஒரு நொடியில் படம் வரைந்து தரும் இந்நாளில் அந்த இரண்டாவது கேள்வி மிகக் கூர்மையாகிவிட்டது.

பெயர் முதன்முதலாகப் பெரிய அளவில் பதிவாவது அக்பரின் ஓவியக் கூடத்தில். ஈரானிலிருந்து வந்த மீர் சையத் அலி, அப்துஸ் சமத் ஆகியோரின் மேற்பார்வையில் அங்கே ஹம்ஸாநாமா உருவானது. பருத்தித் துணியில் ஏறத்தாழ 1,400 பெரிய ஓவியங்கள். முடிக்கச் சுமார் பதினைந்து ஆண்டுகள். படத்தைக் காட்டிக்கொண்டே கதையைப் படிப்பதற்காகப் பின்பக்கத்தில் உரை எழுதப்பட்டது. ஒரு படத்தில் பல கைகள் வேலை செய்தன. ஒருவர் கோட்டுருவம் போடுவார், ஒருவர் வண்ணம் ஏற்றுவார், முகம் எழுதுவதற்கென்றே தனியாக ஒருவர் இருப்பார். பின்னர் வந்த அக்பர்நாமா ஏடுகளில் கோடு யாருடையது, வண்ணம் யாருடையது என்று எழுத்தர்கள் ஓரத்தில் குறித்தார்கள். பசாவன் போன்றோரின் பெயர்களை நாம் இன்று உச்சரிக்க முடிவது அதனால்தான். அக்பரின் மகன் ஜஹாங்கீர் ஒரு முகத்தில் கண்ணும் புருவமும் வேறு வேறு ஆட்கள் தீட்டியவை என்றாலும் தன்னால் கண்டுபிடிக்க முடியும் என்று தன் நினைவுக் குறிப்பில் பெருமையோடு எழுதினார். ஆனால் அந்த ஏடுகளைப் பார்த்தவர்கள் அரண்மனைக்குள் இருந்தவர்கள் மட்டும்.

தஞ்சாவூர்ப் பலகை ஓவியத்தில் பார்வையாளர் வட்டம் கொஞ்சம் விரிந்தது. பலா மரப் பலகையில் துணி ஒட்டி, சுண்ணப்பொடியும் பசையும் கலந்து புடைப்பு எழுப்பி, கல் பதித்து, தங்கத் தகடு ஒட்டும் இந்தக் கலை மராத்தியர் அரசவையையும் தாண்டி வசதி படைத்த வீடுகளின் பூஜை அறைக்குள் நுழைந்தது. பெயர் மட்டும் மீண்டும் காணாமற் போயிற்று. பழைய பலகைகளில் கையொப்பம் அரிது.

இங்கேதான் ரவிவர்மா வருகிறார்.

1848ல் கிளிமானூரில் பிறந்தவர் அவர். திருவனந்தபுரம் அரண்மனையில் எண்ணெய் வண்ணம் தெரிந்தவர் மதுரைக்காரரான ராமசாமி நாயக்கர். அவர் தொழிலைச் சொல்லித்தர மனமில்லாமல் இருந்தார் என்றும், அவருடைய உதவியாளர் ஆறுமுகம் பிள்ளை இரவில் மறைவாக வந்து இளைஞனுக்கு நுட்பத்தைக் காட்டினார் என்றும் ரவிவர்மாவின் வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. பின்னாளில் அங்கு வந்த ஐரோப்பிய ஓவியர் தியோடர் ஜென்சனும் பக்கத்தில் நின்று பார்க்க மட்டுமே அனுமதித்தாராம். பார்த்தே கற்றுக்கொண்ட அந்தக் கை 1873ல் வியன்னா கண்காட்சியில் விருது வாங்கியது.

அதற்குப் பிறகு அவர் எடுத்த முடிவுதான் இந்தியர்களின் கண்ணையே மாற்றியது. கும்பகோணத்தில் பிறந்து திருவிதாங்கூரிலும் பரோடாவிலும் திவானாக இருந்த சர் டி. மாதவராவ், இத்தனை பேர் கேட்கும் படங்களை ஒரு கையால் வரைந்து மாளாது, அச்சிட்டுப் பரப்புங்கள் என்ற யோசனையை அவருக்கு முன்வைத்தார். 1894ல் பம்பாயில் ரவிவர்மா அச்சகம் தொடங்கியது. சில ஆண்டுகளில் லோணாவ்ளா அருகிலுள்ள மளவ்லிக்கு மாறியது. சுண்ணக்கல்லில் பிசுக்கு மையால் உருவத்தை எழுதி, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கல் என்று அடுக்கடுக்காக அச்சிட்டு, கடைசியில் எண்ணெய் ஓவியம் போல மினுங்க மெருகெண்ணெய் பூசும் முறை அது. ஒரு கல் ஒரு நூலிழை விலகினாலும் லட்சுமியின் உதடு கன்னத்துக்குப் போய்விடும்.

அந்த அச்சுகள் செய்த காரியம் பெரிது. திருவிதாங்கூரில் கோயில் நுழைவுப் பிரகடனம் வந்தது 1936ல். மதுரை மீனாட்சி கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் கால்வைத்தது 1939ல். அதற்கு நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே கோயில் வாசலில் தடுக்கப்பட்டவர்களும் வீட்டுச் சுவரில் மாட்டிக்கொள்ளக்கூடிய சாமி படத்தை அச்சகம் கொடுத்துவிட்டது. தெய்வத்தை நேருக்கு நேர் பார்க்க யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம் என்ற நிலையை ஓர் இயந்திரம் உண்டாக்கியது. அதே இயந்திரம் தெய்வங்களுக்கு ஒரே வகையான வெளுத்த நிறத்தையும் ஒரே வகையான முகத்தையும் கொடுத்து நிலைநிறுத்தியது என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஊருக்கு ஊர் வேறுபட்ட முகங்கள் அந்த வெள்ளத்தில் மங்கின. அச்சில் ரவிவர்மாவின் பெயர் இருந்தது. கல்லில் உருவத்தை மாற்றி எழுதிய கைவினைஞர்களின் பெயர் இல்லை. அந்த அச்சகத்தோடு சேர்ந்து வேலை செய்தவர்களில் தாதாசாகேப் பால்கேயும் ஒருவர். 1913ல் அவர் எடுத்த ‘ராஜா ஹரிச்சந்திரா’ திரைப்படத்தின் காட்சியமைப்பில் அந்த அச்சுப் படங்களின் சாயலைக் காணலாம்.

மளவ்லியிலிருந்து கோவில்பட்டிக்கு வருவோம். கலை வரலாற்று நூல்கள் அவசரமாகக் கடந்து போகும் ஊர் இது. சி. கொண்டையராஜு 1898ல் பிறந்தவர். சென்னை ஓவியப் பள்ளியில் படித்தார், திருவண்ணாமலை ரமணாசிரமத்தில் சில காலம் இருந்தார், நாடகக் குழுவுக்குத் திரைச்சீலை எழுதினார், கோவில்பட்டியில் தங்கினார். பக்கத்தில் சிவகாசி. தீப்பெட்டி லேபிள்களுக்காக வளர்ந்த அச்சுத் தொழில் காலண்டர்களுக்கும் விரிந்தது. கொண்டையராஜுவும் அவருடைய சீடர்கள் டி.எஸ். சுப்பையா, மு. ராமலிங்கம், டி.எஸ். அருணாசலம் போன்றோரும் வரைந்த முருகனும் மீனாட்சி கல்யாணமும் சிவகாசி அச்சில் ஏறி, ஜவுளிக்கடையும் நகைக்கடையும் கொடுக்கும் காலண்டராக வீடுகளுக்குள் வந்தன. ஆண்டு முடிந்தபின் தேதிப் பகுதியைக் கிழித்துவிட்டுப் படத்துக்குச் சட்டம் போட்ட குடும்பங்கள் எத்தனை!

கொண்டையராஜுவிடம் மனத்தைத் தொடும் ஒரு பழக்கம் இருந்தது. பல படங்களின் ஓரத்தில் அவருடைய பெயரோடு சீடரின் பெயரும் இருக்கும். நாடகத் திரையில் ஒருவர் தூணையும் ஒருவர் மேகத்தையும் எழுதிப் பழகிய கூட்டம் அது. வேலையைப் பகிர்ந்ததைப் போலவே பெயரையும் பகிர்ந்தது. பெரிய கண்காட்சிக் கூடங்களில் தொங்கும் பல நவீன ஓவியங்களுக்கு இந்த நேர்மை வாய்த்ததில்லை.

நவீனத்தின் கதையை இங்கே விரிக்கத் தேவையில்லை. 1905ல் அபனீந்திரநாத் தாகூர் தீட்டிய பாரதமாதா, அஜந்தாவைக் கண்ட பிறகு 1937ல் அம்ரிதா ஷெர்கில் வரைந்த தென்னிந்திய ஓவியங்கள், 1947ல் பம்பாயில் சூசாவும் ரஸாவும் உசேனும் சேர்ந்து அமைத்த முற்போக்கு ஓவியர் குழு, 1966ல் கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னைக்கு வெளியே எழுந்த சோழமண்டலம் ஓவியர் கிராமம் ஆகியவை நன்கு எழுதப்பட்டுவிட்டன. சோழமண்டல ஓவியர்கள் பாடிக் துணி செய்து விற்றுத்தான் தங்கள் நிலத்தையும் வாழ்வையும் நிறுத்திக்கொண்டார்கள் என்பதும், எம்.எஃப். உசேன் இளமையில் பம்பாய்த் தெருக்களில் சினிமா பேனர் வரைந்து வயிறு வளர்த்தார் என்பதும் அடிக்கடி மறக்கப்படும் இரண்டு செய்திகள்.

பேனர் என்றதும் சென்னை அண்ணா சாலை நினைவுக்கு வராதவர் இந்த அவையில் குறைவு. சின்ன நிழற்படத்தில் கட்டம் போட்டு, அதே கட்டங்களை நாற்பது அடித் துணியில் பெரிதாக்கி, சாரத்தில் தொங்கிக்கொண்டு நாயகனின் கன்னத்தில் நீலமும் ரோஸும் இழுத்தார்கள் அந்த ஓவியர்கள். பக்கத்தில் நின்று பார்த்தால் வெறும் வண்ணத் திட்டு. சாலைக்கு எதிர்ப்புறம் போனால் சிரிக்கும் முகம். அந்தத் தொலைவைக் கணக்கிட்டு வரைவது ஒரு தனி அறிவு. 2000க்குப் பிந்தைய சில ஆண்டுகளில் ஃப்ளெக்ஸ் அச்சு அந்தத் தொழிலை அடித்துச் சென்றது. கம்ப்யூட்டரில் படத்தை ஏற்றினால் சில மணி நேரத்தில் பேனர் வெளியே வந்து விழுந்தது. வரைந்தவர்கள் கடைப் பலகை எழுதப் போனார்கள், சுவர் விளம்பரத்துக்குப் போனார்கள், பெயின்ட் அடிக்கும் வேலைக்கும் போனார்கள். இந்தியாவில் டிஜிட்டல் கலையின் வரலாற்றை யார் எழுதினாலும் முதல் பக்கத்தில் இந்த இழப்பு இருக்க வேண்டும். அது கண்காட்சிக் கூடத்தில் தொடங்கவில்லை, தெருவில் தொடங்கியது.

கூடத்துக்குள் நடந்தது வேறு கதை, வியக்கவைக்கும் கதையும்கூட. 1969ல் நேரு ஆய்வு நல்கை பெற்ற ஓவியர் அக்பர் பதம்ஸி, அந்தப் பணத்தைத் தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் பம்பாயில் ஒரு கூட்டுப் பட்டறை தொடங்கினார். ஓவியர்களும் படமெடுப்பவர்களும் அங்கே கூடினார்கள். ‘சிஸிஜி’ என்ற குறும்படத்தை அவர் அங்கே செய்தார். கோடுகளுக்கு எண் கொடுத்து, அந்த எண்களின் விதிப்படி கோடுகளை நகர்த்தி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட வரைபடங்களால் ஆன பதினொரு நிமிட மௌனப் படம். கணினி இல்லை, எல்லாம் கையால். ஆனால் விதியை எழுது, விதி படத்தை உண்டாக்கட்டும் என்ற எண்ணம் இன்றைய நிரல் ஓவியர்களின் எண்ணம்தான். கணினி நம் ஓவியர்களின் கைக்கு வருவதற்கு முன்பே கணினியின் சிந்தனை வந்துவிட்டது.

அந்தப் பட்டறையில் இருபத்து மூன்று வயதுப் பெண் ஒருவர் இருந்தார்: நளினி மலானி. 1946ல் கராச்சியில் பிறந்து, பிரிவினையில் குடும்பத்தோடு இந்தியாவுக்கு வந்தவர். 1969லேயே அங்கே படச்சுருளில் சோதனைகள் செய்தார். பிற்பாடு ஓவியர் பூபேன் கக்கரிடமிருந்து கண்ணாடியின் பின்பக்கம் வரையும் முறையைக் கற்றார். தஞ்சாவூர்க் கண்ணாடி ஓவியம் தெரிந்தவர்களுக்கு அது விளங்கும். பார்ப்பவர் முன்பக்கத்திலிருந்து பார்ப்பதால் வரிசை தலைகீழாகிறது. கண்மணியும் நகையும் முதலில், பின்னணி கடைசியில். மலானி இதைச் சுழலும் ஒளிபுகும் உருளைகளில் வரைந்து, ஒளியைப் பாய்ச்சி, சுவரெங்கும் நிழல்கள் ஓடும்படி செய்தார். எழுபது வயதுக்குப் பிறகு ஐபேடைக் கையிலெடுத்தார். விரலால் திரையில் வரைந்து, அழித்து, மேலே மீண்டும் வரைந்து சிறு அசைவுப்படங்கள் செய்தார். ‘கேன் யூ ஹியர் மீ’ என்ற தொகுப்பு 2020ல் லண்டன் ஒயிட்சேப்பல் கூடத்தின் செங்கல் சுவர்களில் ஓடியது. 2018ல் ஜம்முவின் கத்துவாவில் எட்டு வயதுச் சிறுமிக்கு நேர்ந்த கொடுமை அதன் பின்னால் இருக்கிறது. அழித்த கோட்டின் தடம் திரையில் தெரியும்படியே அவர் விட்டுவைக்கிறார். அந்தக் கோபம் விரலிலிருந்து திரைக்குப் போகும்போது சிறிதும் ஆறவில்லை.

மென்பொருளை நெஞ்சைத் தொடும்படி பயன்படுத்திய இன்னொருவர் விவான் சுந்தரம். அம்ரிதா ஷெர்கில் அவருடைய தாயின் அக்கா, அதாவது பெரியம்மா. அம்ரிதாவின் தந்தை உம்ராவ் சிங் எடுத்த குடும்ப நிழற்படங்களை 2001ல் கணினியில் வெட்டி ஒட்டி ‘ரீடேக் ஆஃப் அம்ரிதா’ என்ற வரிசையை அவர் செய்தார். வெவ்வேறு ஆண்டுகளில் எடுத்த உருவங்கள் ஒரே அறைக்குள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கின்றன. தந்தையும் மகளும், ஓவியமும் ஓவியரும் ஒரே சட்டத்தில். இது ஏமாற்று வேலை இல்லை என்று பார்த்தவுடன் தெரிகிறது. தாத்தாவின் கேமராவுக்கும் பேரனின் கணினிக்கும் நடுவே நடக்கும் குடும்ப உரையாடல் அது. மூலப் படம் யாருடையது என்பது தலைப்பு தொட்டு எங்கும் மறைக்கப்படவில்லை.

தமிழ் இதழ்களின் பக்கத்தில் டிராட்ஸ்கி மருது கணினியை ஓவியரின் கருவியாக முன்பே ஏற்றுக்கொண்டார். எண்ணெய் வண்ணத்தைக் கடைசிவரை விடாத ஓவியர் இளையராஜாவின் படங்களோ வேறு வழியில் டிஜிட்டலாயின. ஜன்னலோரத்து வெயிலில் நிற்கும் அவருடைய கிராமத்துப் பெண்களை நிழற்படம் என்றே நம்பிப் பலர் கைபேசியில் பகிர்ந்தார்கள். 2021ல் கொரோனா அவரைக் கொண்டுபோனபோதுதான் அந்தப் படங்களுக்கு ஒரு பெயர் இருந்தது எனப் பலருக்குத் தெரிந்தது.

அதே 2021 மார்ச் மாதம் அமெரிக்க ஓவியர் பீப்பிளின் ஒரு டிஜிட்டல் கோப்பு கிறிஸ்டிஸ் ஏலத்தில் 6.93 கோடி டாலருக்கு விற்றது. வாங்கியவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த விக்னேஷ் சுந்தரேசன். என்எஃப்டி என்ற அந்த முறை, யார் செய்தது, யாரிடம் இருக்கிறது என்பதை அழியாத பேரேட்டில் எழுதுவதாக வாக்களித்தது. ஓவியரின் பெயரைக் காக்கும் கருவியாக அது வளர்ந்திருக்கலாம். பணத்தின் வேகம் அதைச் சூதாட்டப் பக்கம் இழுத்துச் சென்றது. விலைகள் விழுந்தபோது ஆர்வமும் விழுந்தது.

இனி செயற்கை நுண்ணறிவு. 2018ல் டெல்லியின் நேச்சர் மோர்ட் கூடத்தில் ‘கிரேடியன்ட் டிசென்ட்’ என்ற கண்காட்சி நடந்தது. இயந்திரக் கற்றலால் உருவான படங்கள் மட்டுமே அதில் இருந்தன. பங்கேற்றவர்களில் இந்தியர் ஹர்ஷித் அகர்வால். அறுவை சிகிச்சைப் படங்களை இயந்திரத்துக்கு ஊட்டி, சதையும் வண்ணமும் குழம்பிய உருவங்களை அவர் எடுத்தார். எந்தப் படங்களை ஊட்டினார் என்பதை அவர் சொல்கிறார். அந்தத் தேர்வே அவருடைய கலை. இன்று கைபேசியில் கிடைக்கும் படக் கருவிகள் இப்படிச் செய்வதில்லை. இணையத்தில் கிடந்த கோடிக்கணக்கான படங்களை வாரி எடுத்துக் கற்றிருக்கின்றன. ‘தஞ்சாவூர் பாணியில் ஒரு கிருஷ்ணன்’ என்று கேட்டால் நொடியில் வருகிறது. தஞ்சாவூர் ஓவியத்துக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பலகையில் போலி செய்தால் கேட்கலாம். பிக்சலில் வந்தால் யாரிடம் போய்க் கேட்பது? தங்கத் தகட்டை ஒட்டிப் பழகிய கைகளுக்கு அந்தக் கிருஷ்ணனால் ஒரு ரூபாய்கூட வராது.

சட்டத்தில் வழியே இல்லை என்று சொல்ல முடியாது. சிற்பி அமர்நாத் சேகல் 1962ல் டெல்லி விஞ்ஞான் பவனில் முடித்த பிரம்மாண்டமான வெண்கலச் சுவர்ச் சிற்பத்தை 1979ல் அரசு பெயர்த்தெடுத்துக் கிடங்கில் போட்டது. அவர் வழக்குத் தொடுத்தார். 2005ல் டெல்லி உயர் நீதிமன்றம், விலை கொடுத்து வாங்கியவரானாலும் படைப்பைச் சிதைக்கவோ படைத்தவரின் உரிமையை மறுக்கவோ முடியாது என்று தீர்ப்பளித்து, எஞ்சிய பகுதிகளைத் திருப்பித் தரவும் ஐந்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரவும் ஆணையிட்டது. 1957ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு அதற்கு அடிப்படை. பதிப்புரிமையை விற்ற பிறகும் ‘இது என் படைப்பு’ என்று சொல்லும் உரிமை படைத்தவரிடமே இருக்கும் என்கிறது அந்தப் பிரிவு. அரசுக்கு எதிராக ஒரு சிற்பி வென்ற உரிமை, நிறுவனங்களுக்கு எதிராக ஒரு பலகை ஓவியருக்கும் கிடைக்க வேண்டும். படம் உண்டாக்கும் கருவிகள் யாருடைய படைப்பிலிருந்து கற்றன என்பதை வெளியிடச் சட்டம் வற்புறுத்த வேண்டும்.

நம் பக்கத்திலும் செய்ய வேண்டியது இருக்கிறது. பேனர் எழுதியவர்களில் பலர் இன்றும் சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் வாழ்கிறார்கள். அவர்களின் நினைவையும் மிச்சமிருக்கும் துணிகளையும் ஓவியக் கல்லூரி மாணவர்கள் பதிவு செய்யலாம். சிவகாசிக் காலண்டர் படங்களை ஓவியர் பெயரோடு, அச்சகப் பெயரோடு ஸ்கேன் செய்து ஒரு பொதுக் களஞ்சியத்தில் வைக்கலாம். இதற்குப் பெரும்பணம் தேவையில்லை, பொறுமை தேவை.

இன்று வீட்டுக்குப் போனதும் பூஜை அறையில் புகை படிந்து தொங்கும் பழைய சாமி படத்தின் கீழ் ஓரத்தைத் துடைத்துப் பாருங்கள். சட்டத்தின் விளிம்புக்குள் பாதி மறைந்து ஒரு கையொப்பம் இருக்கலாம். அதைப் படம் எடுத்து உறவினருக்கு அனுப்பும்போது தயவுசெய்து அந்த ஓரத்தை வெட்டிவிடாதீர்கள்.